திருச்சியில் துயிலும் பேராயர்

குட்டீஸ்! திருச்சியில் 'பிஷப் ஹீபர் கல்லூரி' இருப்பது உங்களுக்குத் தெரியும்தானே? யார் அந்த ஹீபர்? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்தின் மால்பாஸ் என்ற ஊரில், 1783ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று பிறந்தவர் ரெஜினால்ட் ஹீபர். சிறு வயதிலேயே இரக்க குணம் மிக்கவர். கையில் உள்ள காசையெல்லாம் வழியில் காணும் ஏழைகளுக்குக் கொடுத்து விடுவாராம். அதனால், பள்ளிக்குப் போகும்போது பணத்தை அவரது சட்டையின் உள்பக்கத்தில் வைத்துத் தைத்து அனுப்புவார்கள் என்று சொல்வதுண்டு!

ஆக்ஸ்போர்டில் படித்தபோது, 1803இல் 'பாலஸ்தீனம்' என்ற கவிதைக்காகப் பரிசு பெற்றார். 1807இல் ஹாட்னெட் என்ற கிராமத்தில் குருவானவர் ஆனார். அங்கே ஏறக்குறைய 16 ஆண்டுகள் பணி செய்தபடியே பல பாமாலைகளை எழுதினார். 'தூய' என்ற சொல்லை மூன்று முறை சொல்லித் தொடங்கும் அவரது பாடல், இன்றும் உலகெங்கும் தேவாலயங்களில் பாடப்படுகிறது.

1819இல் அவர் எழுதிய இன்னொரு பாடல் மிகவும் புகழ் பெற்றது. ஆனால், அதில் இலங்கை போன்ற தொலைதூர நாட்டு மக்களைத் தாழ்த்திச் சொல்லும் வரி ஒன்று உண்டு. பிற்காலத்தில் காந்தியடிகளே அதைக் கண்டித்திருக்கிறார். அதை எழுதியபோது ஹீபர் நம் நாடுகளைக் கண்ணால் கண்டதில்லை!

1823இல் கல்கத்தாவின் பேராயராக இந்தியா வந்தார். டாக்கா, காசி, டில்லி, பம்பாய், இலங்கை என்று மாதக்கணக்கில் சுற்றினார். பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். இந்தியர்களின் அறிவையும் கலைகளையும் அதில் பாராட்டினார். இந்தியர்களிடம் ஆங்கிலேயர்கள் காட்டிய ஆணவத்தைக் குறை கூறினார். தமிழரான கிறிஸ்தியான் தாவீதுக்கு 1824இல் குருப்பட்டம் அளித்தவரும் அவரே. நேரில் பார்த்துப் பழகினால் மனம் எப்படி விரிகிறது பாருங்கள்!

1826இல் தமிழகம் வந்தார். தஞ்சாவூரில் மன்னர் இரண்டாம் சரபோஜியைச் சந்தித்து, அவரது கல்வியறிவைக் கண்டு வியந்தார். மார்ச் 26, ஈஸ்டர் திருநாள். அன்று மாலை நடந்த தமிழ் ஆராதனையில் மக்களுக்குத் தமிழிலேயே ஆசி கூறினார். அந்நிய மொழி ஆயிற்றே என்று அவர் தயங்கவில்லை!

பிறகு திருச்சி வந்தார். ஏப்ரல் 3 காலை, கோட்டை ஆலயத்தில் ஏழைத் தமிழ் மக்களின் குறைகளைக் கேட்டு, உதவுவதாக வாக்களித்தார். கடும் வெயில். தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பியதும் அங்கிருந்த குளத்தில் குளிக்க இறங்கினார். நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. பணியாளர் சென்று பார்த்தபோது நீரில் உயிரற்றுக் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 42தான்!

திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மனைவி அமேலியா, அவரது பாமாலைகளை 1827இலும், பயணக் குறிப்புகளை 1828இலும் நூல்களாக வெளியிட்டார். 1966இல் தொடங்கப்பட்ட கல்லூரிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

ஹீபர் திருச்சியில் உயிரோடு இருந்தது மூன்றே நாட்கள். ஆனாலும், இருநூறு ஆண்டுகளாக அவர் பெயரை அந்த ஊர் மறக்கவில்லை. தெரியாத மக்களைப் பற்றி யாராவது தாழ்வாகச் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், செல்லங்களே. முதலில் அவர்களோடு பழகிப் பாருங்கள்!