தோட்டம் தந்த தலைவர்

சிலிம் ரிவர் நிலையத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் இரயிலில் ஏறினால் கம்பார், பத்து காஜா, ஈப்போ ஆகிய ஊர்களைக் கடந்து சுங்கை சிப்புட்டை அடையலாம். அப்பாதையில் இன்று செம்பனை நிற்கும் பல இடங்களில் ஒரு காலத்தில் இரப்பர் மரங்களே நின்றன. விடியும் முன்பே எழுந்து அம்மரங்களைச் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்குத் தலைவராக விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் பால்மரம் சீவும் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். ஒரு தோட்ட முதலாளியின் மகன்.

அவருடைய தந்தை வீராசாமி 1896ஆம் ஆண்டில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தார். கடின உழைப்பால் முன்னேறி, சுங்கை சிப்புட்டில் இரப்பர்த் தோட்டங்களுக்கு உரிமையாளரானார். அங்கே 16 ஜூன் 1919இல் சம்பந்தன் பிறந்தார். கோலகங்சாரிலுள்ள கிளிஃபர்ட் பள்ளியில் பயின்ற பின், தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டக்கல்வி கற்றார். இந்திய விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. காந்தியடிகளின் கொள்கைகள் இளைஞர் சம்பந்தனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

போருக்குப் பின் நாடு திரும்பிய அவர் குடும்பத் தோட்டங்களைக் கவனித்து வந்தார். அவர் விரும்பியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், நாட்டின் நிலை அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்ட மக்கள் அச்சத்துடன் நாள்களைக் கடத்தினர். பிள்ளைகளின் கல்வியும் தோட்ட எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே, சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி உருவாகப் பாடுபட்டார். ஜவகர்லால் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அப்பள்ளியைத் திறந்து வைத்தார்.

1955ஆம் ஆண்டு அவரது வாழ்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டு அவர் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். ஜூலை 27ஆம் நாள் நடந்த முதல் பொதுத்தேர்தலில், வட கிந்தா தொகுதியில் கூட்டணியின் வேட்பாளராகவும் நின்றார். அது எளிய போட்டி அன்று. நாடு முழுவதும் பதிவு பெற்ற வாக்காளர்களில் ஐவருள் நால்வருக்கு மேற்பட்டோர் மலாய்க்காரர். இந்தியர்களோ நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. குடியுரிமை இல்லாததால் பல தோட்டத் தொழிலாளர்கள் வாக்களிக்க முடியவில்லை. அதாவது, யாருக்காக அவர் குரல் கொடுக்க விரும்பினாரோ அவர்களுள் பலர் அவருக்கு வாக்களிக்க இயலாத நிலை. தம் இனத்தாரின் வாக்கை மட்டும் நம்பி அவர் வெல்ல முடியாது. மலாய்க்காரரும் சீனரும் ஓர் இந்தியரைத் தம் பிரதிநிதியாக ஏற்க வேண்டும்.

அவர்கள் ஏற்றார்கள். பாய்மரக் கப்பல் சின்னத்தில் போட்டியிட்ட கூட்டணி 52 இடங்களில் 51ஐக் கைப்பற்றியது. சம்பந்தனும் வெற்றி பெற்றுத் தொழில் அமைச்சரானார். பின்னர்ச் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு ஆகிய பொறுப்புகளையும் வகித்தார். பல இனத்தவரின் வாக்கால் கிடைத்த பதவி என்பதால், இன ஒற்றுமையே நாட்டின் அடித்தளம் என்பதை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

நாடு விடுதலை அடைந்த காலத்தில் தொழிலாளர்களுக்குப் புதிய இடர் ஒன்று வந்தது. ஆங்கிலேய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. சிறு நிலத்தின் உரிமையாளருக்கு அதிக ஆள் தேவைப்படவில்லை. அதனால் தொழிலாளர்கள் வேலையை இழந்தனர். வேலையோடு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்து வீட்டையும் இழந்தனர்.

சட்டத்தையும் உதவியையும் மட்டும் எதிர்பார்த்திருந்தால் காலம் கடந்துவிடும் எனச் சம்பந்தன் உணர்ந்தார். தோட்டம் விலைக்கு வருகிறதென்றால், தொழிலாளர்களே அதை ஏன் வாங்கக்கூடாது? இந்த எண்ணத்தில் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்குகளை வாங்கலாம். அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி என்பது பெரிய தொகை. அடுத்த மாதச் செலவுக்கே திண்டாடியவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. எனவே, அமைச்சராக இருந்தும் அவர் தோட்டம் தோட்டமாகச் சென்றார். மக்களுக்குப் புரியும் எளிய தமிழில் திட்டத்தை விளக்கினார். நம்பிக்கை மெல்ல மெல்ல வளர்ந்தது. கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. அதன் பின் மேலும் பல தோட்டங்கள் அதன் உடைமையாயின. பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள்.

பொது வாழ்வு அவருக்கு மாலைகளை மட்டும் தரவில்லை. கட்சிக்குள் எழுந்த கருத்து வேறுபாடுகளையும் அவர் எதிர்கொண்டார். 1973ஆம் ஆண்டில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தேசிய ஒற்றுமைத் துறை அமைச்சராகவும் பணியாற்றிய அவர், அறுபது வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 18 மே 1979இல் மறைந்தார். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலுள்ள முக்கியச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தந்தை விட்டுச் சென்ற தோட்டத்தைக் கட்டிக் காத்திருந்தால், சம்பந்தன் ஒரு செல்வந்தராக மட்டுமே அறியப்பட்டிருப்பார். நிலம் வைத்திருப்பவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எத்தகையது என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டவர். அந்தப் பாதுகாப்பு, நிலமற்ற தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று உழைத்ததே அவருடைய பெருமை.