விண்மீன் நோக்கிய படையதிகாரி

தணிகை மலையின்மீது நின்று நோக்குவார்க்கு வடக்கிலும் மேற்கிலும் குன்றுகள் பல தோன்றும். ஒரு குன்றிற்கும் மற்றொரு குன்றிற்கும் இடையேயுள்ள தூரத்தை, ஓரடியும் நடவாமலே கணித்துக் கூறலாம். ஒரு கோட்டின் நீளமும், அதன் இருமுனைகளிலும் நின்று அளந்த கோணங்களும் தெரிந்தாற் போதும். முக்கோணத்தின் ஏனைய பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். பள்ளிச் சிறுவரும் அறிந்த இக்கணிதத்தைக் கொண்டே தென்னாட்டை அளந்தவர் வில்லியம் லாம்ப்டன்.

இவர் 1753-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடும்பத்திற் பிறந்தார். 1781-இல் 33-ஆம் காலாட்படையிற் சேர்ந்தார். அமெரிக்கப் போரில் சிறைப்பட்டார். பின்னர்க் கனடாவில் படைவீடுகளை மேற்பார்க்கும் சிறு பதவியிற் பல்லாண்டு கழிந்தது. சூரிய கிரகணத்தை நோக்கி ஒரு கண்ணின் ஒளியை இழந்ததும் அங்கேயே. கணித நூல்களே அவருக்குத் துணை. இந்தியாவிற்கு வந்தபோது வயது 40-ஐக் கடந்திருந்தது.

1799 ஏப்பிரலில் ஆங்கிலச் சேனை ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தது. லாம்ப்டன் ஜெனரல் பேர்டின்கீழ்ப் பிரிகேட் மேஜர். தோப்பொன்றைத் துழாவும்பொருட்டு இரவிற் புறப்பட்ட பேர்டின் படை, இருளில் வழி தவறிற்று. லாம்ப்டன் வானத்தை நோக்கினார். செல்லும் திசை திப்புசுல்தானின் பாசறைக்கே என்பதை விண்மீன்களின் நிலையால் உணர்ந்து தலைவருக்கு அறிவித்தார். விண்மீன்களைக் கேளாமலே தமக்கு வழி தெரியுமெனப் பேர்ட் மறுத்துவிட்டார். சிறிது தூரத்தில் பகைவரின் காவற்படை எதிர்ப்பட்டது. பின்னரே விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தனர். லாம்ப்டன் கூறியதே மெய்யாயிற்று.

பேர்டை மட்டும் பழித்தல் தகாது. கணக்கறிந்தவன் கீழே நிற்க, ஆணையிடுபவன் மேலே நிற்பதே அக்காலப் படையின் வழக்கம். 1939-இல் மூண்ட உலகப்போரிலேதான் இங்கிலாந்து, பீரங்கிகளையும் போர்க்கப்பல்களையும் எவ்வாறு பயன்படுத்தினால் நலமென்று கணக்கிட்டுரைக்கும் அறிஞரைத் தளபதிகளின் அருகே அமர்த்தியது. 1799-இல் அத்தகைய இருக்கை இல்லை; கணிதம் கற்ற ஒருவர் அப்படையில் இருந்தது தற்செயலே.

போர் முடிந்ததும், வென்ற நாட்டிற்குப் பிழையற்ற படமில்லை என்பது வெளிப்பட்டது. கடற்கரை முதல் கடற்கரை வரை முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை லாம்ப்டன் வகுத்தார். 33-ஆம் படையின் தலைவராயிருந்த ஆர்தர் வெல்லெஸ்லி அதனை ஆதரித்தார். சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபுவும் இசைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டுமாயின் பல்லக்குச் சுமப்போரிடம் சொன்னாற் போதாதோ என்று அதிகாரி ஒருவர் ஏளனம் செய்தாராம்!

1802 ஏப்பிரல் 10-இல் பரங்கிமலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் அளவை தொடங்கிற்று. ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோட்டிற்கு 57 நாட்கள் சென்றன. அங்கிருந்து மேலைக் கடல்வரை முக்கோணங்கள் தொடர, தீபகற்பத்தின் அகலம் பழைய படங்களிற் கண்டதினும் 40 மைல் குறைவென்று தெரிந்தது. தங்கள் ஆட்சிப்பரப்பே சுருங்கியதென அதிகாரிகள் வருந்தியிருக்கக் கூடும்.

குன்றில்லாச் சோழநாட்டிற் கோபுரங்களே குன்றுகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கிற்று. லாம்ப்டன் கூடாரத்துள் தனித்திருந்து, ஆறு வாரங்கள் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டு மீண்டும் அளக்கத் தொடங்கினார்.

1823 ஜனவரி 20-இல், நாகபுரியை நோக்கிய பயணத்தில், ஹிங்கன்காட் என்னும் ஊரில் உயிர் நீத்தார். எஞ்சிய பணி அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்டைச் சேர்ந்தது.