மெய்ப்பாடு அறிந்த ஆசிரியர்

உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதைத் தமிழர் ‘மெய்ப்பாடு’ என்பர். தொல்காப்பியம் அதற்கென ஓர் இயலையே வகுத்துள்ளது. ஆசிரியரின் சொல் செவியில் விழுமுன்னரே, அவருடைய மெய்ப்பாடு மாணவரின் கண்ணில் பட்டுவிடுகிறது. நாம் வாழும் ஐதராபாத்தில் பிறந்த கால்பந்துப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

1909 ஆம் ஆண்டு பிறந்த ரஹீம், பள்ளி ஆசிரியராகப் பணியைத் தொடங்கினார். பின்னர் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகளும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இந்திய அணியும் அவர் பயிற்சியில் 1951 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

ஒரு காலால் மட்டும் உதைத்துப் பழகிய இளைஞரை மறுகாலாலும் ஆடச் செய்தார் ரஹீம். அதற்கெனத் தனிப்போட்டிகளும் நடத்தினார். பழகாத காலால் ஆடுபவன் தடுமாறுவான். உடனே ஆசிரியரின் முகத்தை நோக்குவான். அங்கே ஏளனம் தோன்றின், அவன் முயற்சி அன்றே முடியும். பொறுமை தோன்றின், மறுநாளும் களத்துக்கு வருவான்.

1962 இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு நடைபெற்றது. ரஹீம் அப்போது புற்றுநோயால் நலிந்திருந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா தோற்றது. பின்னர், தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. ஆயினும் ரஹீம் அவரை நம்பி முன்கள வீரராக நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிர்நின்றது. ஐதராபாத் மாநிலத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் இலக்கைக் காத்தார். அரங்கிலிருந்தோர் இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தனர். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என வென்றது. நோயைத் தாங்கிக்கொண்டு தம்முடன் நின்ற ஆசிரியரைக் கண்ட வீரர்க்கு வேறு அறிவுரை வேண்டியிருக்குமோ?

1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை.

அருஞ்சொற்பொருள்
மெய்ப்பாடு – உணர்வை உடல் வெளிப்படுத்துதல்
ஏளனம் – இகழ்ச்சி
நலிதல் – மெலிதல்

வினாக்கள்
1. ரஹீம் தனிப்போட்டிகளை நடத்தியது எதற்காக?
2. ஜர்னைல் சிங்கின்மீது ரஹீம் கொண்ட நம்பிக்கை எவ்வாறு வெளிப்பட்டது?
3. உம் ஆசிரியர் ஒருவரின் முகக்குறிப்பு உமக்கு ஊக்கம் தந்த நிகழ்வை ஐந்து வரிகளில் எழுதுக.