அரிக்கமேட்டுச் சிறுவர்களிடம் மணி வாங்கியவர்

தமிழோடு தொடர்புடைய மறைந்த ஒருவரின் வாழ்க்கையை ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி பேரவைத் தம்பி தங்கையர் கேட்டார்கள். பாரதியாரையும் உ.வே.சா.வையும் எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நான் ஒரு பிரெஞ்சுக்காரரை எடுத்துக்கொண்டேன். பெயர் காப்ரியேல் ழுவோ துப்ராய். புதுச்சேரி ஆளுநராக இருந்த டூப்ளேயோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்டவர். வாளை எடுக்காமல் பூதக்கண்ணாடியை எடுத்தவர்.

இவரை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் கிளமெண்டிதான். அங்கே என் புளோக்கில் குடியிருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் பண்டைய ரோமானியரின் சிறு பொருள்களைச் சேகரிக்கிறார். பொன்னும் வெள்ளியும் அவரிடம் கிடையாது. உடைந்த களிமண் விளக்கு, ஆடையைச் சேர்த்துக் குத்தும் வெண்கல ஊசி, எலும்பில் செய்த பகடைக்காய், தேய்ந்த செப்புக்காசுகள் என்று அன்றைய வீடுகளில் கிடந்த சாமான்கள்தாம். எல்லாம் இணையத்தில் ஏலம் எடுத்தவை. ஒரு மாலை அவற்றைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பிக் காட்டினார். விளக்கின் மூக்கில் கரி இன்னும் ஒட்டியிருந்தது. எங்கே கிடைத்தது அண்ணே என்று கேட்டேன். விற்றவர் அதைச் சொல்லவில்லை என்றார். அந்தப் பதில் என்னை விடவில்லை. தமிழ் மண்ணில் கிடைத்த ரோமானியப் பொருள்களைப் பற்றிப் படிக்க, 96ஆம் எண் பேருந்து பிடித்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சில சனிக்கிழமைகள் போய்வந்தேன். புத்தகத்துக்குப் புத்தகம் துப்ராய் எதிர்ப்பட்டார்.

துப்ராய் 1885ஆம் ஆண்டு சைகோனில் பிறந்தார். ஆக, அவரும் ஒருவகையில் நம் தென்கிழக்காசியப் பிள்ளையே. இளம் வயதில் புதுச்சேரிக்கு வந்து அங்குள்ள பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியரானார். பாடம் நடத்திய நேரம் போக மீதியெல்லாம் கோயில்களில் கழிந்தது. 1914இல் தென்னிந்தியக் கட்டடக் கலையையும் சிற்ப உருவங்களையும் பற்றி இரண்டு தொகுதிகளாக அவர் எழுதிய ஆய்வு பாரிஸில் வெளிவந்தது. கட்டடக் கலைப் பகுதி 1917இல், எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரின் பதிப்பாகச் சென்னையில் ஆங்கிலத்திலும் வந்தது.

அந்த ஆய்வின் வழியைச் சொன்னால்தான் இந்த மனிதரின் கண்ணைப் புரிந்துகொள்ள முடியும். கல்வெட்டு இருந்தால் கோயிலின் காலத்தைச் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால்? துப்ராய் பெரிய கோபுரத்தைப் பார்க்காமல் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையைப் பார்த்தார். பல்லவர் காலத்துப் போதிகை ஒரு வடிவம், சோழர் காலத்தது இன்னொன்று, விஜயநகரக் காலத்தில் அது பூமொட்டாகத் தொங்கத் தொடங்குகிறது. கூரையின் விளிம்பில் இருக்கும் கூடு என்னும் வளைவும் அப்படியே படிப்படியாக மாறுகிறது. இந்த மாற்றங்களை வரிசைப்படுத்திவிட்டால், எழுத்தே இல்லாத கோயிலும் தன் வயதைச் சொல்லிவிடும். உறுப்புகளின் பெயர்களை அவர் சாஸ்திர நூல்களில் மட்டும் தேடவில்லை. உளி பிடித்து வேலை செய்துகொண்டிருந்த ஸ்தபதிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தக் காலத்துப் பேராசிரியர்களில் இப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர்.

பிறகு பல்லவர்களைப் பற்றி எழுதினார், தக்காணத்தின் பழைய வரலாற்றை எழுதினார். சித்தன்னவாசல் குகை ஓவியங்களைப் பற்றிக் கோபிநாத ராவோடு சேர்ந்து உலகுக்கு அறிவித்தவரும் இவரே. 1931இல் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் சுற்றுச் சிற்றாலயங்களில், பூசிய சுண்ணத்துக்கடியில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சங்களைக் கண்டுபிடித்தார். ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக அங்கே இருந்தவைதான். பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இனி ரோமானியர்களுக்கு வருவோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் ஒரு மேடு. பக்கத்து ஊர்கள் காக்காயந்தோப்பும் வீராம்பட்டினமும். ஆறு கரையை அரிக்க அரிக்கப் பழைய செங்கல்லும் பானை ஓடும் வெளியே வரும். மழைக்குப் பின் நிறநிறமான மணிகளும் வரும். ஊர்ச் சிறுவர்கள் அவற்றைப் பொறுக்குவார்கள். 1937இல் துப்ராய் அந்தச் சிறுவர்களிடமிருந்து மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். தாமும் மேட்டில் கிடந்தவற்றைச் சேர்த்தார். அவற்றுள் ஆணின் தலை செதுக்கிய ஒரு சிறு முத்திரைக்கல் இருந்தது. பழங்காசுகளில் பழகிய கண் அல்லவா? அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று முடிவு செய்தார். இங்கே ஒரு ரோமானிய நகரமே இருந்தது என்று புதுச்சேரி ஆளுநருக்குத் தெரிவித்தார்.

நகரத்தைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். பிற்கால அகழாய்வுகள், முக்கியமாக 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்தியது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே நம் மக்கள் குடியிருந்து மணி செய்தார்கள் என்று காட்டின. ரோமானியர் கட்டிய ஊர் என்பதைவிட, ரோமானியச் சரக்கு வந்திறங்கிய தமிழர் துறைமுகம் என்பதே பொருந்தும். ஆனால் அந்த மேட்டை வெறும் செங்கல் குவியலாக நினைத்திருந்தவர்கள் நடுவே, மத்தியதரைக் கடலோடு அதை முதலில் சேர்த்துப் பார்த்தவர் துப்ராய்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1940களின் தொடக்கத்தில் சுர்லோ என்பவரும் ஃபோஷே என்ற பாதிரியாரும் அங்கே தோண்டினார்கள். இருவருமே பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் அல்லர். கிடைத்தவற்றில் சில இந்திய அருங்காட்சியகங்களுக்குப் போயின, சில ஹனோயிலிருந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குக் கப்பலேறின. சென்னை அருங்காட்சியகத்தின் ஐயப்பன் அந்த இடத்தின் அருமையை உணர்ந்து 1941இல் எழுதினார். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ஜாடியின் உடைந்த பகுதியைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பிய ஆம்போரா ஜாடி அது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு புதுச்சேரிக்கே போய்விட்டார்.

1945இல் வீலர் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த சிவப்புப் பளபளப்புத் தட்டுகளின் துண்டுகள் அடுக்கடுக்கான மண்ணில் கிடைத்தன. சிலவற்றில் குயவர் பெயர் முத்திரை இருந்தது. இந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் ஏறத்தாழத் துல்லியமாகத் தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அவை நின்றுவிட்டன. ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் அதுவே காலம். அதுவரை தென்னிந்தியத் தொல்லியலில் பானைகளுக்கு உறுதியான தேதி கிடையாது. ஓர் இத்தாலியக் குயவரின் உடைந்த தட்டு நமக்கு ஒரு நாட்காட்டியைக் கொடுத்தது. அரிக்கமேட்டில் கிடைத்த பானை வகைகளை வைத்துத்தான் பிறகு பல ஊர்களின் காலம் கணிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தக் கணக்குக்கு அகஸ்டஸ் முகக்கல் உதவவில்லை. வீலரின் தட்டுத் துண்டு எத்தனை அடி ஆழத்தில், எதற்கு மேலே, எதற்குக் கீழே கிடந்தது என்று குறித்து வைக்கப்பட்டது. முகக்கல் அதைவிடப் பல மடங்கு அழகானது. ஆனால் அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது அதைப் பொறுக்கிய சிறுவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். கிளமெண்டி நண்பரின் விளக்குக்கும் அதே கதிதான். இதை அவரிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் ஏலத்தை விட்டபாடில்லை.

துப்ராய் மீது எனக்குள்ள மனத்தாங்கல் மணிகளால் வந்ததன்று. மணிகளை வாங்கிய மனிதர் ஆளுநரிடம் போய்ச் சொன்னார், ஊரைக் காட்டினார். சிலைகள் விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொண்டார். 1920களில் காஞ்சிபுரத்தில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த யோகினித் தெய்வங்களின் கற்சிலைகள் அவர் கண்ணில் பட்டன. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அமர்ந்திருக்கும் உருவங்கள். அவற்றில் பலவற்றை அவர் பாரிஸிலிருந்த சி. டி. லூ என்ற சீனக் கலைப்பொருள் வணிகருக்கு அனுப்பினார். ஒரே கோயிலில் வட்டமாக அமர்ந்திருக்க வேண்டிய தோழிகள் இன்று பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபோலிஸ், டொராண்டோ என்று பிரிந்திருக்கிறார்கள். அவற்றைத் தேடித் தேடிப் பின்தொடர்ந்த பத்மா கைமல் 2012இல் ஒரு முழு நூலே எழுதினார்.

அவருக்காகப் பேசுபவர்கள் உண்டு. சிலைகள் சிதைந்து கிடந்தன, அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன, அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான் என்பார்கள். மூன்றும் ஓரளவு உண்மை. ஆனால் போதிகையின் மொட்டு எந்தக் கோயிலில், எந்தத் தூணில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டவருக்கு, ஒரு சிலையை அதன் இடத்திலிருந்து பெயர்த்தால் என்ன போகும் என்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தே அனுப்பினார் என்றே நான் நினைக்கிறேன்.

இது பழங்கதை என்றும் சொல்லிவிட முடியாது. தொல்பொருள்களை உரிமமின்றி வெளியே கொண்டுபோவதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும் சிலைகள் கப்பலேறின. 2007இல் நியூயார்க் வணிகரிடம் வாங்கிய சோழர் கால உமா பரமேஸ்வரி வெண்கலச் சிலையை இந்தியாவுக்குத் திருப்பித் தர, நம் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2015இல் ஒப்புக்கொண்டது. செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

துப்ராய் 1945இல், அரிக்கமேட்டில் வீலர் தோண்டிய அதே ஆண்டில் காலமானார். வீலரின் அறிக்கை 1946இல் அச்சானது. அவர் பிறந்த சைகோனுக்குத் தென்மேற்கே, மீகோங் கழிமுகத்து ஓக் இயோவில், 1944இல் மல்லரே என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டியபோது, ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸின் பெயர் பொறித்த பொற்பதக்கம் ஒன்று கிடைத்தது. கூடவே ஏராளமான மணிகள். அரிக்கமேட்டுக்கும் ஓக் இயோவுக்கும் நடுவில் நாம் இருக்கிறோம்.

விடுமுறையில் புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் ஆம்போரா துண்டுகளையும் பார்க்கலாம். மேட்டுக்கு ஆட்டோ போகும். அங்கே பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. மாமரங்களும், பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டிய வீட்டின் இடிந்த சுவர்களும், ஆறும் உண்டு. தரையில் மணி ஏதாவது கண்ணில் பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம்.