செருப்பை மருந்தாக்கியவர்: கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட்

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மலையில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய தந்தை ஜெஸ்ஸி, மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலுக்கு 1929இல் பலியானார்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்த பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. அவரும் உடன் உழைத்தோரும் வேறொன்றைக் கண்டனர். நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வை அழிக்கிறது; நெருப்புச் சுட்டாலும் முள் தைத்தாலும் தெரிவதில்லை; புண்ணோடு நடந்து நடந்தே கால் சிதைகிறது. ஆகவே சிதைவைத் தடுக்க இயலும். நாள்தோறும் கைகால்களைச் சோதிப்பதும் மென்மையான ரப்பர் செருப்பு அணிவதும் மருத்துவமாயின. முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் இயங்கச் செய்தார். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், இதே அறிவு நீரிழிவு நோயாளிகளின் கால்களையும் காத்தது. 2003இல் மறைந்தார்.

ஊர்த்தெருவில் தலித்துகள் செருப்பணிந்து நடப்பதைச் சாதி தடுத்த மண்ணில்தான் செருப்பு மருந்தென்று மெய்ப்பிக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக்கிய சட்டப் பிரிவுகளோ 2019இல்தான் நீக்கப்பட்டன. அறிவியல் கண்டதைச் சமூகம் ஏற்க இத்தனை காலம் பிடிக்கிறது. வெறுங்காலுடன் உழைக்கும் நம் மக்களுக்குப் பாதப் பரிசோதனையும் காலணியும் சலுகையல்ல, உரிமை என்றே நாம் கோர வேண்டும்.