டைனசோருக்குப் பெயர் சூட்டியவர்

எமது சிறார்களுட் பலருக்கு டைனசோர்களின் பெயர்கள் மனப்பாடம். எமது நாவிற் புரளாத நீண்ட பெயர்களை அவர்கள் தடையின்றிச் சொல்லக் கேட்டுப் பெற்றோராகிய நாம் வியக்கிறோம். ஆயினும், அவ்விலங்குகள் யாவற்றுக்கும் உரிய பொதுப்பெயரை வழங்கியவர் யார், அப்பெயரின் பொருள் யாது என்பவற்றை நம்மிற் சிலரே அறிவர். பெயர் சூட்டியவர் சேர் ரிச்சர்ட் ஓவன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் வாழ்வில் நாம் பின்பற்றத்தக்கவையும் உண்டு, விலக்கத்தக்கவையும் உண்டு.

ஓவன் 1804 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 16 வயதிற் சத்திரவைத்தியர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்த அவர், பின்னர் எடின்பரோவிலும் இலண்டனிலும் மருத்துவம் கற்றார். 1827 இல் அரச சத்திரவைத்தியர் கல்லூரியின் நூதனசாலையிற் பணியேற்றார். அங்கு குவிந்திருந்த ஆயிரக்கணக்கான விலங்குடற் பகுதிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வகைப்படுத்தியமையே அவருடைய பேரறிவுக்கு அடித்தளமாயிற்று.

1839 இல் நியூசிலாந்திலிருந்து உடைந்த எலும்புத்துண்டு ஒன்று அவரிடம் வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் மாத்திரமே. அதனை ஆராய்ந்த ஓவன், தீக்கோழியை ஒத்த, பறக்கவியலாத பெரும் பறவையொன்று அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் எனத் துணிந்து கூறினார். 1843 இல் மேலும் எலும்புகள் வந்து சேர்ந்தபோது அவர் கூற்று மெய்யாயிற்று. அப்பறவையே மோவா.

அக்காலத்தில் இங்கிலாந்தின் பாறைகளிலிருந்து மூன்று பேருயிர்களின் எலும்புகள் கிடைத்திருந்தன. மெகலோசோரஸ், இக்குவானோடன், ஹைலியோசோரஸ் என்பன அவை. மூன்றிலும் இடுப்பு முள்ளென்புகள் ஒன்றாக இணைந்திருப்பதையும், கால்கள் தூண்கள்போல் உடலுக்கு நேர்கீழே அமைந்திருப்பதையும் கண்ட ஓவன், இவை ஒரே குலத்தவை என உணர்ந்தார். 1842 இல் அக்குலத்துக்கு டைனசோரியா எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் டைனோஸ் என்பது அச்சமூட்டும் பெருமையையும், சோரோஸ் என்பது பல்லியினத்தையும் குறிக்கும். அஞ்சத்தக்க பெரும்பல்லி என நாம் அதனைத் தமிழாக்கலாம். ஆனால் டைனசோர்கள் பல்லிகள் அல்ல. முதலைகளும் பறவைகளுமே அவற்றுக்கு நெருங்கிய உறவின.

அம்மூன்று உயிர்களுள் இரண்டினை உலகுக்கு முதலில் அறிவித்தவர் கிடியன் மண்டெல் என்னும் நாட்டுப்புற வைத்தியர். நோயாளரைப் பார்த்தபின் கிடைத்த நேரத்தில் எலும்புகளைத் தேடிய அவர், 1825 இல் இக்குவானோடனை விவரித்தார். அதன் பற்கள் இக்குவானா என்னும் ஓணான் வகையின் பற்களைப் போன்றிருந்தமையால் இக்குவானாப்பல் எனப் பொருள்படும் அப்பெயரைச் சூட்டினார். 1841 இல் வண்டி விபத்தொன்றில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, வலியோடு வாழ்ந்து, 1852 இல் மறைந்தார். ஓவனோ அவருடைய உழைப்பைக் குறைத்தே பேசிவந்தார். மண்டெல் இறந்தபின் பெயரின்றி வெளியான, அவரைச் சிறுமைப்படுத்தும் குறிப்பொன்றை எழுதியவரும் ஓவனே என அறிந்தோர் கருதினர். 1860 இல் டார்வினின் நூலையும் அவர் பெயர் மறைத்தே கடுமையாகத் தாக்கி எழுதினார்.

இக்குவானோடனைக் காண்டாமிருகம்போற் பருத்த நாற்கால் விலங்காக ஓவன் கருதினார். அக்கருத்தின்படி 1854 இல் இலண்டன் சிடன்ஹாமில் நிறுவப்பட்ட உருவங்கள் இன்றும் உள்ளன. அதன் முன்னங்கால்கள் மெலிந்தவை என மண்டெல் தம் இறுதிக்காலத்திற் கூறியிருந்தார். 1878 இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோது மண்டெலின் கூற்றே சரியெனத் தெளிவாயிற்று.

இன்று ஆங்கிலத்தில், காலத்துக்கு ஒவ்வாத மனிதரையும் நிறுவனத்தையும் டைனசோர் என ஏளனமாகச் சொல்வதுண்டு. இது பொருத்தமான ஏளனம் அன்று. 16 கோடி ஆண்டுகளுக்கு மேலாக நிலத்தில் அவை மேலோங்கி வாழ்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்களான பறவைகள் இன்றும் எமது முற்றங்களில் இரை பொறுக்குகின்றன.

இயற்கை வரலாற்றுச் செல்வங்கள் அறிஞர்க்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் உரியவை என்பது ஓவனின் உறுதியான கொள்கை. அவரது நீண்ட முயற்சியால் 1881 இல் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலை திறக்கப்பட்டது. 1892 இல் அவர் மறைந்தார். அந்நூதனசாலையின் பெருமண்டபப் படிக்கட்டில் நின்ற அவரது சிலை 2008 இல் இடம் மாற்றப்பட்டு, அவ்விடத்தில் டார்வினின் சிலை வைக்கப்பட்டது.

அன்புச் சிறார்களே! ஓவன் சூட்டிய பெயரை உலகம் மறக்கவில்லை. மண்டெலுக்கு அவர் செய்த அநீதியையும் மறக்கவில்லை. அவரைப்போல் அயராது கற்போம். பிறர் உழைப்பின் பயனை நாம் பெறும்போது, அவர் பெயரை மறவாது சொல்வோம்.