தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட்

அகரத்து வயல்வெளியில் நின்று தெற்கே நோக்கினால் சிறுமலை தெரியும். தென்மேற்கே பழனி மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அம்மலைகளிலும் அவற்றின் அடிவாரச் சமவெளியிலும் விளையும் செடிகொடிகளை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். எது மருந்து, எது நஞ்சு, பஞ்சகாலத்தில் பசி தீர்க்கும் கீரை எது என்பன அவர்கள் உழைப்பினால் கற்ற பாடங்கள். ஆயினும் அவ்வறிவு ஏட்டில் ஏறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டி, உலர்த்தி, வரைவித்து, நூலாக்கி உலகறியச் செய்தவர் கடல் கடந்து வந்த ஒரு மருத்துவர். அவரே இராபர்ட் வைட். அவர்தம் வாழ்வையும், அவர் பணிக்குத் தோள் கொடுத்தோர் நிலையையும் நம் இளைஞர் அறிதல் நன்று.

இளமையும் வருகையும்

வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணம் வந்து சேர்ந்தார். படைவீரர்க்கு மருத்துவம் செய்வதே அவருடைய தொழில். அப்பணிக்கிடையே கிடைத்த நேரத்தையெல்லாம் தாவர ஆராய்ச்சிக்கே செலவிட்டார். தொடக்கத்தில் அவர் அரும்பாடுபட்டுத் தொகுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பிய செடிகள், கப்பலோடு நன்னம்பிக்கை முனையருகே கடலில் மூழ்கின. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொகுக்கத் தொடங்கினார்.

1826இல் சென்னை அரசாங்கம் அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. இரண்டே ஆண்டுகளில், 1828இல், அப்பதவி ஒழிக்கப்பட்டது. வைட் நாகப்பட்டினத்திற்குப் படை மருத்துவராக மாற்றப்பட்டார். பதவி போனாலும் அவர் பணி நின்றுவிடவில்லை. செடி சேகரிப்போரையும் ஓவியரையும் தம்முடன் வைத்துக்கொண்டு தம் ஆய்வைத் தொடர்ந்தார்.

கடிதத் தொடர்பு

1828ஆம் ஆண்டளவில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியரான வில்லியம் ஜாக்சன் ஹூக்கருடன் வைட் கடிதத் தொடர்பு கொண்டார். பிற்காலத்தில், 1841 முதல், கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் இவரே. அந்நாளில் சூயசுக் கால்வாய் வெட்டப்படவில்லை. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லப் பல மாதங்கள் ஆகும். ஒரு வினாவை எழுதியனுப்பினால் விடை வந்து சேர ஓராண்டும் கடந்துவிடலாம். ஆயினும் இருவரும் அயராது எழுதினர். வைட் உலர்ந்த செடிகளையும் ஓவியங்களையும் அனுப்பினார். ஹூக்கர் அவற்றை ஆராய்ந்து தம் இதழில் வெளியிட்டார். இவ்வாறு நாகப்பட்டினத்தில் தீட்டப்பெற்ற படங்கள் ஐரோப்பிய அறிஞர்தம் மேசையை அடைந்தன.

1831இல் விடுப்பில் தாய்நாடு சென்றபோது அவர் உடன் கொண்டுசென்ற தாவர மாதிரிகள் ஏறத்தாழ ஒரு இலட்சம்; அவற்றின் எடை இரண்டு டன். வாக்கர் ஆர்னாட் என்னும் அறிஞருடன் சேர்ந்து அவற்றை ஆராய்ந்து, தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய பெருநூலின் முதல் தொகுதியை 1834இல் வெளியிட்டார்.

மலைகளிலும் வயல்களிலும்

1834இல் மீண்டும் இந்தியா வந்த வைட், பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படையோடு நெடும்பயணம் செய்தார். 1836இல் அவர் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை முதலிய பயிர்களை ஆராய்ந்து அறிக்கை தருவது அவருக்கு இடப்பட்ட பணி. அவ்வாண்டிலேயே அவர் நம் பழனி மலைமீது ஏறினார். கொடைக்கானலில் வெள்ளையர் குடியிருப்பு தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் முற்பட்ட காலம் அது. தாம் கண்டவற்றைச் சென்னையில் வெளிவந்த ஓர் அறிவியல் இதழில் கட்டுரையாக எழுதினார்.

1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் சோதனையை அவர் நடத்தினார். இங்கிலாந்து ஆலைகளுக்கு நீண்ட இழைப் பஞ்சு வேண்டும் என்பதே கம்பெனியின் நோக்கம். அந்நோக்கம் எதிர்பார்த்தபடி நிறைவேறவில்லை. வைட் செய்த ஆராய்ச்சியில் ஒரு பகுதி ஆள்வோரின் வாணிகத்திற்காகவே நடந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

எனினும் நிலைத்து நின்றவை அவர்தம் நூல்கள். சென்னையிலேயே கல்லச்சில் அச்சிடப்பெற்று, 1838 முதல் 1853 வரை வெளிவந்த ஆறு தொகுதிகள் கொண்ட படநூலில் 2101 படங்கள் உள்ளன. 1853இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1871இல் தம் தாவரத் தொகுப்பைக் கியூ தோட்டத்திற்கு வழங்கினார். 1872இல் காலமானார். பழனி, நீலகிரிச் சோலைகளில் வளரும் ஐலெக்ஸ் வைட்டியானா என்னும் மரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஏட்டில் ஏறிய பெயரும் ஏறாத பெயரும்

இனி, நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு இலட்சம் மாதிரிகளையும் ஒருவரே பறித்திருக்க முடியாது. காடு மேடு அலைந்து, பூவும் காயும் சிதையாமல் செடியைக் கொணர்ந்து, தாளிடை வைத்து அழுத்தி, ஈரத்தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்தியவர்கள் பலர். அவர்கள் இந்நாட்டுக் கூலியாட்கள். இன்று அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள அச்செடிகளின் சீட்டில் வைட் பெயர் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை.

ஆனால் ஓவியர் இருவர் பெயர் மட்டும் அழியாமல் நின்றது. இரங்கையா, கோவிந்து என்போர் அவர்கள். தாம் வெளியிட்ட படங்களின் அடியில் வரைந்தவர் பெயரை வைட் அச்சிட்டார். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் கோவிந்தோயியா என்று பெயரும் சூட்டினார். பின்வந்த அறிஞர்கள் அதனை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டனர். எனினும் 2007இல் எடின்பரோ தாவரத் தோட்டம் வைட் பற்றி வெளியிட்ட நூலில் இவ்விருவரும் உரிய இடம் பெற்றனர். அடியில் எழுதிய ஒரு சொல் நூற்றைம்பது ஆண்டுகள் கடந்து அவர்களைக் காத்தது.

நம் மக்கள் வரலாற்றிலும் இத்தகைய சான்று உண்டு. சென்னையில் ஆரிங்டன் துரையிடம் சமையற்பணி புரிந்த கந்தப்பனார், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீசு துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்னும் செய்தியை நாம் அறிவோம். எவ்வாறு அறிந்தோம்? அவருடைய பேரர் அயோத்திதாசப் பண்டிதர் அதனை எழுதி வைத்தார். மூலிகை அறிந்த சித்த மருத்துவரும், 1907இல் இதழ் தொடங்கியவருமான அப்பெருமகனார் எழுதாதிருப்பின், கந்தப்பனார் பெயரும் அந்தச் செடி பறித்தோர் பெயர்களைப் போல் மறைந்தே போயிருக்கும். பாட்டனார் செய்த தொண்டைப் பேரன் கற்ற கல்வி காத்தது.

இளைஞர்களே! வைட் என்பாரிடம் நாம் கற்கத்தக்கவை இரண்டு. கண்டதை அன்றே குறித்து வைத்தல் ஒன்று. இழப்பு நேர்ந்தும் மீண்டும் தொடங்குதல் மற்றொன்று. அவரிடம் முழுமை பெறாத மூன்றாவது ஒன்றை நாம் செய்து காட்டுவோம். நும் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, நம் ஊர்ச் செடிகளின் பெயரையும் பயனையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்தப் பருவத்தில் பூக்கும், எந்த நிலத்தில் வளரும், எந்த நோய்க்கு எந்த இலை என்று சொன்னபடியே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும், அவர் ஊரையும், கேட்ட நாளையும் அதனடியில் தவறாது குறியுங்கள். இருபத்தைந்தாண்டு கண்ட நம் கழகத்திற்குக் கூலிப் பணத்தில் பங்களித்த தாய்மார்களின் பெயர்களையும் அவ்வாறே எழுதுங்கள். நாம் பெற்ற எழுத்தறிவின் முதற் கடன் அதுவேயாகும்.